அட்டை மகளுடையது, நம்பர் அப்பாவுடையது

கடனட்டைப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் ஒருவர், என்னைச் சந்தித்தபோது ஒரு கேள்வி கேட்டார். பல்கலைக்கழகத்தில் படிக்கும் பிள்ளை, இதுவரை எந்த வங்கியிலும் கடன் எடுத்ததில்லை, இனித்தான் தன் பெயரில் ஒரு நம்பிக்கையைச் சேர்க்க வேண்டும், அப்படிப்பட்ட பிள்ளைக்கு முதல் அட்டையாக எதைக் கொடுக்கலாம்? இரண்டு வரியில் சொல்லுங்கள் மிஸ் என்றார். இரண்டு வரியில் சொல்லக்கூடியதுதான். ஆனால் தேநீரைக் குடித்துவிட்டு, எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லி எழும்பி வந்துவிட்டேன். அதுதான் இது. இரண்டு வரிக்குள் அடங்கவில்லை.

முதலில் அந்த இரண்டு வரியைச் சொல்லிவிடுகிறேன், அவசரக்காரர்கள் அதோடு போய்விடலாம். வருடக் கட்டணம் இல்லாத, கடன் எல்லை குறைந்த அட்டையாகப் பாருங்கள். அது பிள்ளையின் சொந்தப் பெயரில் இருக்கட்டும், மாமாவின் அட்டையோடு ஒட்டிக்கொண்ட துணை அட்டை வேண்டாம், ஏனென்றால் பிள்ளை எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் நல்ல பெயர் மாமாவுக்குத்தான் போகும். மாதத்தில் ஏதாவது சின்னச் சாமான் ஒன்றை அட்டையில் வாங்கி, பில் வந்ததும் முழுவதையும் கட்டிவிடச் சொல்லுங்கள். உங்கள் கையேட்டிலும் இதுதான் இருக்கிறது. இதைச் சொல்ல ஓய்வுபெற்ற ஒருத்தி தேவையில்லை.

கையேட்டில் இல்லாத ஒன்றைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல இருக்கிறது. அதை எழுதலாமா என்று சம்பந்தப்பட்ட பிள்ளையிடமே கேட்டேன். பேரை மாத்தி எழுதுங்கோ மிஸ், அப்பா உதெல்லாம் வாசிக்கிற ஆளில்லை என்றாள். ஆகவே பெயர்கள் மாற்றப்பட்டிருக்கின்றன. மற்றதெல்லாம் நடந்தபடிதான்.

அப்போது நான் மருதனார்மடத்துக்குக் கிட்ட இருந்த எங்கள் கிளையில் உதவி முகாமையாளர். முகாமையாளராக இருந்தவர் ஓய்வுக்குச் சில வருடங்களே மிச்சமிருந்த ஒரு மனிதர். ஐயா என்றே எல்லோரும் கூப்பிடுவோம். நான் இந்த வேலையில் கற்றுக்கொண்டதில் பாதிக்கு மேல் அவரிடம் கற்றது. சந்தையில் மரக்கறி கொடுத்துவிட்டு மண் ஒட்டிய காலோடு வரும் தோட்டக்காரர்கள் வாசலில் செருப்பைக் கழற்றப் பார்த்தால், எழுந்து போய், போட்டுக்கொண்டே வாங்கோ, கூட்டுறதுக்கு ஆள் இருக்கு என்பார். எனக்குக் கோபம் மூக்குநுனியில் நிற்கும் என்று கிளையில் எல்லோருக்கும் தெரியும். அவருக்குக் கோபம் வந்து நான் கண்டதில்லை.

அந்தத் தோட்டக்காரர்களில் ஒருவர் சிவபாதம் அண்ணை. புத்தூர்ப் பக்கம். வெங்காயமும் கத்தரியும் புகையிலையும் மாற்றி மாற்றிச் செய்பவர். எங்கள் கிளையில் சேமிப்புக் கணக்கு மட்டும் வைத்திருந்தார். கடன் என்று எங்கள் படியேறியதே இல்லை, அதைச் சொல்லிக்கொள்வதில் அவருக்கு ஒரு பெருமையும் உண்டு. எங்கள் ஊர்களில் இந்தப் பெருமை எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். நகையை அடகு வைத்து மீட்பது கடன் இல்லை, அது வீட்டு நிர்வாகம். உரக்கடையில் எடுத்துவிட்டு அறுவடைக்குப் பிறகு கொடுப்பது கடன் இல்லை, அது கணக்கு. வங்கியில் கையொப்பம் வைத்து வாங்கினால்தான் கடன். அது வீட்டுக்கு ஆகாது. போருக்குப் பிறகு ஊருக்குள் சின்னச் சின்னக் கடன் கொடுக்க வந்த கம்பனிகளும், கிழமைக்கிழமை வந்து வாசலில் நின்ற வசூல்காரர்களும் அந்தப் பயத்தை இன்னும் கூட்டிவிட்டிருந்தார்கள். பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி அந்த வசூல்காரருக்குப் பயந்து பின்வேலியால் போனதைச் சிவபாதம் அண்ணை தன் கண்ணாலேயே கண்டவர்.

அவருடைய மகள் நிரோஜா. கிழக்கில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு விவசாய பீடத்துக்கு எடுபட்டிருந்தாள். போவதற்கு முன் தகப்பனோடு வந்து, தனக்கு ஒரு கடனட்டை வேண்டும் என்று கேட்டாள். தகப்பன் சங்கடத்தோடு சிரித்தார். உந்தப் பிள்ளைக்கு யாரோ புத்தி சொல்லிப்போட்டினம், நீங்கள் சொல்லி விளங்கப்படுத்துங்கோ என்று ஐயாவிடம் பொறுப்புக் கொடுத்தார்.

ஐயா அவளிடம் காரணம் கேட்டார். அவள் கொஞ்சமும் தடுமாறவில்லை.

"அப்பா செய்யிற காணி எங்கடை இல்லை, சேர். காணிக்காரர் கனடாவிலை. எப்பவோ ஒருநாள் விப்பினம். அண்டைக்கு நான் வாங்கவேணும். காசு இல்லாட்டிலும் லோன் எடுக்கக்கூடிய ஆளாய் நான் இருக்கவேணும்."

நான் பக்கத்து மேசையில் இருந்து தலையை நிமிர்த்திப் பார்த்தேன். அந்த வயதில் நான் சேலைக் கரை பொருந்துகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தவள். சிவபாதம் அண்ணை வெளியே வீதியைப் பார்த்தார். குத்தகைக்குச் செய்யும் அந்தச் செம்பாட்டு மண் காணியில் அவருடைய தகப்பனும் குத்தகைக்குச் செய்தவர் என்று பிறகு சொன்னார். கிணறு மட்டும் நல்ல கிணறு, கோடையிலும் கை விடாது என்றார்.

நாட்டிலுள்ள எந்த வங்கியும் திறந்து பார்க்கக்கூடிய கடன் பதிவு ஒன்று இருக்கிறது, இன்று சின்னதாக எடுத்து ஒழுங்காகக் கட்டினால் நாளைக்குப் பெரிதாகக் கேட்கும்போது அந்தப் பதிவு உமக்காகப் பேசும் என்று ஐயா அவளுக்கு விளக்கினார். பிறகு மூன்று வழிகளை மேசையில் வைத்தார். ஒன்று, ஆசிரியராக இருந்த தாய்மாமனின் அட்டைக்குத் துணை அட்டை. அதை அவரே ஒதுக்கிவிட்டார். இரண்டாவது, தகப்பன் அவளுக்கென்று சேர்த்த சேமிப்பில் கொஞ்சத்தை நிலையான வைப்பாகப் போட்டு, அதைப் பிணையாக வைத்து எடுக்கும் சாதாரண அட்டை. வைப்பு இருக்கும் வரைக்கும் வருடக் கட்டணம் இல்லை. மூன்றாவது, பல்கலைக்கழக மாணவருக்கென்று தலைமை அலுவலகம் அப்போதுதான் இறக்கியிருந்த புது அட்டை. பிணை வேண்டாம், பெற்றார் பொறுப்பேற்றுக் கையொப்பம் வைத்தால் போதும். முதல் வருடம் கட்டணம் இல்லை, பிறகு உண்டு. அந்த அட்டையோடு வந்த தாளில் விமான நிலைய ஓய்வறையில் சலுகை என்றும் போட்டிருந்தது. அதுவரை மாங்குளத்துக்கு அப்பால் பஸ்ஸில்கூடப் போகாத பிள்ளைக்கு அது மிகவும் உபயோகமாக இருந்திருக்கும்.

எனக்கு இரண்டாவதுதான் சரி என்று பட்டது. சிவபாதம் அண்ணைதான் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை.

"எங்கடை காசை வாங்கி வைச்சுக்கொண்டு எங்களுக்கே கடன் தாறியளோ?"

கிளை முழுவதும் சிரித்தது. ஐயாவும் சிரித்தார். ஆனால் அவர் மூன்றாவதைத் தெரிந்தெடுத்தது சிரிப்புக்காக இல்லை. அந்தச் சேமிப்பு முழுக்கப் பிள்ளையின் படிப்புக்கென்று சேர்த்தது, தாய்க்கும் அடிக்கடி சுகமில்லை, அவசரத்துக்கு எடுக்க முடியாமல் அதை முடக்கக் கூடாது என்று பின்னேரம் என்னிடம் சொன்னார். யோசித்துத்தான் செய்தார். உங்களில் யார் அந்த இடத்தில் இருந்தாலும் அதையே செய்திருக்கலாம். இந்தக் கதையில் கெட்டவர் என்று ஒருவரைப் பிடித்துத் திட்ட எனக்கு வாய்ப்பே இல்லை.

படிவம் நிரப்பும்போது தொலைபேசி எண் வந்தது. நிரோஜா தன் எண்ணைச் சொல்ல வாயெடுத்தாள். தகப்பன் மெதுவாக, ஆனால் முடிவாகச் சொன்னார்: "பிள்ளையின்ரை நம்பர் வேண்டாம் ஐயா. என்ரையைப் போடுங்கோ."

ஐயா தயங்காமல் தகப்பனின் எண்ணை எழுதினார்.

நீங்கள் இளம் பிள்ளைகள், இதைக் கேட்டுச் சிரிப்பீர்கள். சிரிக்காதீர்கள். பெண்பிள்ளையின் எண்ணைக் கண்ட கண்ட இடத்தில் கொடுப்பதில்லை என்பது எங்கள் வீடுகளில் சொல்லாமலே உள்ள சட்டம். என் மகள் வேலைக்குப் போகும் வரைக்கும் நானும் அவளுடைய எண் கேட்ட இடத்திலெல்லாம் என்னுடையதைத்தான் கொடுத்தேன். ஐயாவுக்கு இன்னொரு காரணமும் இருந்தது. அவர் முன்பு வேலை செய்த கிளையில், கவுண்டரில் எழுதிக் கொடுத்த எண்ணை எடுத்து ஒருவன் ஒரு பிள்ளைக்கு ஓயாமல் அழைப்பு எடுத்து, அது அவளுடைய கல்யாணப் பேச்சு வரைக்கும் போய்க் குழம்பியது. அவனை வேலையிலிருந்து நீக்கினார்கள். பிள்ளைக்குப் போனது போனதுதான். அதன் பிறகு எந்தத் தகப்பன் அப்படிக் கேட்டாலும் ஐயா மறுவார்த்தை பேசுவதில்லை. அதை மரியாதை என்றுதான் நானும் படித்தேன். எத்தனையோ பிள்ளைகளின் படிவத்தில் அப்படியே எழுதியும் இருக்கிறேன்.

அட்டை வந்தது. சிவபாதம் அண்ணை உறையோடு வாங்கிக்கொண்டுபோய்ச் சாமியறையில் வைத்தார். மகள் கம்பஸுக்கு வெளிக்கிடும்போது கேட்டிருக்கிறாள். முதல்லை படிச்சு முடி, அதெல்லாம் பிறகு பாப்பம் என்றிருக்கிறார். அவள் சண்டை பிடிக்கவில்லை. அட்டை ஒன்று தன் பெயரில் இருக்கிறது, பாவிக்காத வரைக்கும் கடன் ஏறாது, வேலை கிடைத்ததும் பாவிக்கத் தொடங்கலாம் என்று நினைத்திருக்கிறாள். தகப்பனோ அதற்கும் ஒருபடி மேலே போய், தொடாமல் வைத்திருப்பதே பெரிய ஒழுக்கம், வங்கிக்காரர் அதைப் பார்த்து மெச்சுவார்கள் என்று நம்பிக்கொண்டிருந்தார். கடன் எடுக்காதவன் நல்லவன் என்ற கணக்கு அவருக்கு வாழ்நாள் முழுக்கச் சரியாக வந்த கணக்கு. அட்டை விஷயத்தில் அது பிழையாகிவிடும் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

முதல் வருடம் முடிந்தது. வருடக் கட்டணம் விழுந்தது. ஒரு மூட்டை வெங்காயத்தின் விலைகூட இல்லை. கடதாசியில் பில் அனுப்புவதை நிறுத்தியிருந்த காலம், எல்லாம் போனுக்குத்தான். சிவபாதம் அண்ணையின் போனுக்கு ஆங்கிலத்தில் மெசேச் வந்தது. அந்தப் போனுக்குத் தொலைபேசிக் கம்பனி அனுப்பும் ஆங்கில மெசேச்சுகள் ஏற்கனவே நாளுக்குப் பத்து வரும். தோட்டத்தால் வந்து குளித்துவிட்டு இருந்து எல்லாவற்றையும் அழிப்பது அவருடைய பின்னேர வேலைகளில் ஒன்று. அதோடு இதையும் அழித்தார். கட்டாத கட்டணத்துக்குத் தண்டம் ஏறியது, தண்டத்துக்கு வட்டி ஏறியது. கொழும்பிலிருந்து அழைப்பும் எடுத்திருக்கிறார்கள். ஒருமுறை சிங்களம், ஒருமுறை ஆங்கிலம், ஒருமுறை தட்டுத்தடுமாறித் தமிழ். கார்ட், கார்ட் என்றது மட்டும் அவருக்கு விளங்கியது. உடனே வெட்டிவிட்டார்.

அப்படி வெட்டச் சொல்லிக் கொடுத்தது நிரோஜாதான். பரிசு விழுந்திருக்கிறது என்று சொல்லி ஆட்களின் கணக்கைத் துடைக்கும் கூட்டம் ஒன்று அப்போது ஊருக்குள் பலரை ஏமாற்றிக்கொண்டிருந்தது. கார்ட், பாங்க் எண்டு தெரியாத நம்பரிலை ஆரும் கதைச்சால் ஒண்டும் சொல்லாமல் கட் பண்ணுங்கோ அப்பா என்று அவளே விடுமுறைக்கு வந்தபோது சொல்லியிருக்கிறாள். கெட்டிக்காரப் பிள்ளை. சரியான புத்திமதி.

சில மாதங்களில் அட்டை ரத்தானது. நிரோஜாவின் பெயரில், கட்டத் தவறியவர் என்ற பதிவு விழுந்தது. அவளுக்கும் தெரியாது, தகப்பனுக்கும் தெரியாது, எங்கள் கிளையில் எவருக்கும் தெரியாது, ஏனென்றால் அட்டைக் கணக்குகள் கொழும்பில் இருந்தன. ஐயா ஓய்வுபெற்று நெல்லியடியில் தன் வீட்டோடு இருந்தார். பிறகு ஒருநாள் காலமாகிவிட்டார். முகாமையாளர் கதிரையில் நான் இருந்தேன்.

நிரோஜா படித்து முடித்து அரசாங்கத்தில் விவசாயப் போதனாசிரியராக நியமனம் பெற்று, கடலை உருண்டைப் பெட்டியோடு வந்து எனக்குச் சொல்லிவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு வந்த நல்லூர்த் திருவிழாக் காலத்தில் மறுபடி வந்தாள். இந்த முறை முகத்தில் வேறொரு அவசரம். கனடாக்காரர் திருவிழாவுக்கு வந்திருக்கிறார், காணியை விற்கப்போகிறார், பட்டணத்தில் ஒரு குடும்பம் முழுக் காசோடு நிற்கிறது, ஆனால் உங்கடை அப்பா இவ்வளவு காலம் செய்த காணி, முதல் உங்களுக்குத்தான் கேட்கிறேன், நான் திரும்பிப் போக முன்னம் எழுதவேணும் என்று சொல்லியிருக்கிறார். அந்த மனிதரும் நல்லவர்தான். இந்தக் கதையில் எல்லோரும் நல்லவர்கள் என்று முன்பே சொன்னேன்.

அவளுடைய சம்பளம், உத்தியோகம், கேட்கும் தொகை எல்லாம் சரியாகத்தான் இருந்தன. இவளுக்குக் கொடுக்காமல் வேறு யாருக்குக் கொடுப்பது என்று நினைத்துக்கொண்டே கடன் பதிவைத் திறந்தேன்.

நீங்களும் ஒருநாள் இப்படி ஒரு திரைக்கு முன்னால் இருப்பீர்கள். எதிரில் ஒரு முகம் உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும், நீங்கள் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். அந்த நேரத்தில் உங்கள் முகத்தில் ஒன்றும் தெரியக் கூடாது என்று பயிற்சியில் சொல்லித் தருவார்கள். எனக்கு அன்று அது முடியவில்லை. என்ன மிஸ் என்று அவள் கேட்டாள். திரையை அவள் பக்கம் திருப்பினேன். அவள் படித்தாள். நான் ஒண்டும் வாங்கேல்லையே என்று மட்டும் சொன்னாள். பிறகு ஏதோ நினைவு வந்ததுபோல, இவையள் ஆருக்குச் சொன்னவை என்று கேட்டாள். அட்டைக்குப் பதிந்திருந்த எண்ணைக் காட்டினேன். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

அதற்குப் பிறகு நடந்ததை நான் சுருக்கமாகவே சொல்கிறேன், சொல்லச் சொல்ல எனக்கு ஆத்திரம் வருகிறது. நிலுவையை அவள் அன்றே கட்டினாள். கட்டினாலும் பதிவு உடனே அழியாது, கட்டிமுடிக்கப்பட்டது என்று மாறி அங்கேயே நிற்கும். தலைமை அலுவலகத்துக்கு முழு விபரத்தையும் எழுதினேன். பாவிக்காத அட்டை, வெறும் கட்டணம், தகப்பனின் எண், மொழி விளங்காத அழைப்பு என்று ஒன்றும் விடாமல் எழுதினேன். போனில் கெஞ்சினேன், பிறகு சத்தமும் போட்டேன். உங்கள் நிலைமை விளங்குகிறது, ஆனால் இப்படி எல்லோரும் சொல்லலாம்தானே, கொஞ்சக் காலம் ஒழுங்காக நடந்து காட்டட்டும், பிறகு பார்க்கலாம் என்றார்கள். அவர்கள் சொன்னதும் நியாயம்தான். திரையில் தெரிவது கட்டவில்லை என்பது மட்டுமே. ஏன் கட்டவில்லை என்பதற்கு அங்கே கட்டம் இல்லை.

தாயின் நகையை அடகு வைக்கப் பார்த்தால் பாதிகூடத் தேறவில்லை. பாதிக் காணியை மட்டும் எழுதச் சொல்லிக் கேட்கலாமா என்று பார்த்தோம். கிணறு ஒன்றுதான், வெட்டிப் பிரித்தால் ஒரு பக்கம் தண்ணீர் இல்லாத வெறுந்தரையாகிவிடும். கனடாக்காரருடன் நானே கதைத்தேன். அவர் விமானப் பயணத்தைக் கொஞ்சம் தள்ளியும் போட்டார். அதற்கு மேலும் நின்றால் அவருக்கும் அங்கே வேலை போய்விடும். என் சொந்தக் காசைக் கொடுக்கலாமா என்றுகூட யோசித்தேன். வங்கிக்காரி ஒருத்தி வாடிக்கையாளருக்குத் தன் காசைக் கொடுப்பது எவ்வளவு பெரிய குற்றம் என்று உங்களுக்குத் தெரியும், அதனால் அந்த யோசனையை அத்தோடு விட்டேன். அது சரியான முடிவு. சரியான முடிவு எடுத்துவிட்டு நித்திரை வராமல் இருப்பது எப்படி என்று அந்த நாட்களில்தான் எனக்குத் தெரிந்தது.

காணியைப் பட்டணத்துக் குடும்பத்துக்கு எழுதினார்கள்.

அதற்கு முதல்நாள் நிரோஜா என்னிடம் வந்தாள். இனி ஒன்றும் செய்யேலாது என்று நான் சொல்லத் தேவை இருக்கவில்லை. அவள் கேட்க வந்தது வேறு.

"அப்பாட்டைச் சொல்லாதேங்கோ மிஸ். காணி போனதைத் தாங்குவார். தன்னாலை போனது எண்டு தெரிஞ்சால் தாங்கமாட்டார்."

அவருடைய பிழை இல்லையே என்றேன். எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும், அப்பாவுக்கு அது விளங்காது என்றாள். சம்பளம் காணாது எண்டு பாங்கிலை சொல்லிப்போட்டினம் என்று தான் வீட்டில் சொல்லியிருப்பதாகவும் சொன்னாள். பிறகு கொஞ்சம் தயங்கினாள்.

"உங்களோடை கோவிப்பார். பறவாயில்லையோ?"

பறவாயில்லை என்றேன். அவள் போன பிறகு கதவைச் சாத்திவிட்டு நன்றாக அழுதேன். மகளின் எண் வெளியே போகக் கூடாதென்று தகப்பன் காத்தார். அவர் மனம் உடையக் கூடாதென்று மகள் காத்தாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் காத்ததில் எனக்குப் பிழை சொல்லத் தெரியவில்லை. ஐயா இதைப் பார்க்காமல் போய்ச் சேர்ந்தது நல்லது என்று ஒரு கணம் நினைத்தேன். அப்படி நினைத்ததற்கு உடனேயே வெட்கப்பட்டேன். அவர் இருந்திருந்தால் தன் வீட்டை ஈடு வைத்தாவது ஏதோ செய்யப் பார்த்திருப்பார், நாங்கள்தான் பிடித்து நிறுத்தியிருப்போம்.

ஆகவே பிள்ளைகளே, எந்த அட்டை என்று தெரிந்தெடுப்பதற்கு முன்னால், அந்த அட்டை யாருடன் கதைக்கும் என்று பாருங்கள். தகப்பன் தன் எண்ணைச் சொல்லும்போது அவரை அவமதிக்காதீர்கள், அவர் ஒரு காரணத்தோடுதான் சொல்கிறார். அவருடைய எண்ணையும் எழுதுங்கள். அதற்குப் பிறகு பிள்ளையின் பக்கம் திரும்பி, உமக்கு மெசேச் எங்கே வர வேணும் என்று அவளைப் பார்த்துக் கேளுங்கள். தகப்பனுக்கு முன்னால் சொல்லத் தயங்கினால், மின்னஞ்சலையாவது வாங்குங்கள். அவள் கடன் எடுக்கும் வயதுக்கு வந்தவள் என்றால், செய்தி கேட்கும் வயதுக்கும் வந்தவள்தான். பாவிக்காத அட்டை தூங்கிக்கொண்டிருக்கும் என்று எவரும் நம்பாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இதைச் சொல்ல ஐந்து நிமிடம் கூடப் போகும், வரிசையில் நிற்பவர் முறைப்பார். முறைக்கட்டும்.

காணி எழுதி ஒரு கிழமை கழிந்திருக்கும். சிவபாதம் அண்ணை கிளைக்கு வந்தார். வெள்ளை வேட்டியும் சேர்ட்டும், கோயிலுக்குப் போகிறவர்போல. இருங்கோ அண்ணை என்றேன், இருக்கவில்லை. சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன், அதற்கும் தயாராகத்தான் இருந்தேன். அவர் நின்றபடி, மிகவும் மெதுவாகக் கேட்டார்.

"நான் ஒருத்தருக்கும் ஒரு சதம் கடன்காரன் இல்லை. என்ரை பிள்ளையும் இல்லை. ஏன் மிஸ் நீங்கள் எங்களை நம்பேல்லை?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். அதைச் சொன்னால் அவர் என்னை மன்னித்துவிடுவார், நானும் அன்று இரவு நித்திரை கொள்ளலாம். ஆனால் அவர் வீட்டுக்குப் போய், அந்த அட்டையை வைத்த சாமியறைக்குள் எப்படிப் போவார்?

"சம்பளம் காணாது அண்ணை," என்றேன். "சட்டம் அப்பிடி."

அவர் தலையை ஆட்டினார். ஐயா இருந்திருந்தால் தந்திருப்பார் என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த கிழமையே சேமிப்புக் கணக்கை மூடிக்கொண்டு வேறு வங்கிக்கு மாற்றினார்.

நான் ஓய்வுபெற்றுவிட்டேன். நிரோஜா தன் பெயரை மெல்ல மெல்லச் சரிப்படுத்திக்கொண்டு வருகிறாள், எப்போதாவது போன் எடுப்பாள், தன் சொந்த எண்ணிலிருந்து. அந்தக் காணியில் இப்போது மதில் எழும்பியிருக்கிறது, வீடு கட்டப்போகிறார்களாம். சிவபாதம் அண்ணை வேறொரு துண்டில் கொஞ்சமாகத் தோட்டம் செய்து, வருவதை மருதனார்மடச் சந்தையில் தானே இருந்து விற்கிறார்.

போன கிழமை சந்தைக்குப் போனேன். வேறு எவரிடமும் கத்தரிக்காய் நன்றாக இல்லை, அவரிடம்தான் இருந்தது. எனக்கு முன்னால் நின்ற பெண்ணிடம் சில்லறை இல்லை. பறவாயில்லை தங்கச்சி, நாளைக்குத் தாரும் என்று சொல்லிப் பையை நீட்டினார். அந்தப் பெண்ணை அவருக்குத் தெரியும் என்றும் தோன்றவில்லை. பிறகு எனக்கு நிறுத்தார். நிறையில் ஒரு குறையும் வைக்கவில்லை. நான் பெரிய காசுத்தாளை நீட்டினேன். அவர் அதை வாங்கவில்லை, என் முகத்தையும் பார்க்கவில்லை.

"மாத்திக்கொண்டு வாங்கோ, மிஸ்."

சரி அண்ணை என்று சொல்லிக் கத்தரிக்காயை அங்கேயே வைத்துவிட்டு, சந்திக் கடைவரைக்கும் நடந்துபோய் மாற்றிக்கொண்டு வந்து கொடுத்தேன். அவர் எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டார்.